கறைக்கு முன்பணம்

வெள்ளை வட்டம் என்றால் பயமில்லை.
அது மேலே, பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம்.
பழைய பனியனை மடித்துப் போட்டு
இஸ்திரிப் பெட்டியை மிதச் சூட்டில்
எட்டு எண்ணும்வரை வைத்து எடுத்தால்
போய்விடும்.
கருப்பு வட்டம் வேறு.
மரத்துக்குள் இறங்கிவிட்டது.
அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கீழக்கரையில், கடலிலிருந்து நாலாவது தெரு.
ரஜபு நாச்சியா வீட்டு மேசை.
பர்மாத் தேக்கு, ஆறு இழுப்பறை,
நாலு பேர் தூக்கினாலும் முனகும்.
சரக்குக் கணக்கு எழுதினார்களாம் அதில்.
பிறகு மருதாணி அரைத்தார்கள்,
பரீட்சைக்குப் படித்தார்கள்.
ஒரு மழைக்காலம் முழுக்க
ஒழுகும் ஓட்டுக்குக் கீழே
இரண்டு இரும்புக் குவளைகளை ஏந்தி நின்றது.
வட்டங்கள் அப்போது வந்தவை.
விற்பதாக முடிவு.
தம்பி ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்து
"புதுசு மாதிரி ஆக்கிடுங்க அக்கா" என்றார்.

பதினொரு வருடம் பள்ளி லேபில் உதவியாளாக இருந்தவள்.
ஆக்ஸாலிக் அமிலம் எனக்குப் பழக்கம்.
சொட்டுச் சொட்டாய் விழும் பர்மாங்கனேட்டின் ஊதாவை
விழுந்த இடத்திலேயே விழுங்கிவிடும்.
கையை வாயில் வைக்காதே என்று
பிள்ளைகளிடம் கத்தியதை
இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
கையுறை. வெந்நீர். தூரிகை.
தடவி, காத்திருந்து,
ஆப்பசோடாத் தண்ணீரால் தணித்து, துடைத்து,
மறுபடியும் தடவி.
இந்த ஊரில் எதுவும் சீக்கிரம் காயாது.
கச்சான் அடித்தால் மணல்,
வாடை அடித்தால் ஈரம்.

நான்காம் நாள் கருப்பு, சாம்பலானது.
ஆறாம் நாள் சாம்பல், தேன்நிறமானது.
சுட்ட தழும்பு ஒன்று மட்டும் மசியவில்லை,
சிகரெட்டோ ஊதுபத்தியோ.
நெருப்பை எந்த அமிலமும் கரைக்காது.
விட்டுவிட்டேன்.
ரஜபு நாச்சியா கையால் தடவிப் பார்த்து
"இது எங்க வீட்டு மேசையா?" என்றார்.
பாராட்டா புகாரா, நான் கேட்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து வந்தார் வியாபாரி மச்சாது.
குனிந்தார், நிமிர்ந்தார், தலையில் கைவைத்தார்.
"கறையைத்தானேம்மா வாங்க வந்தேன்!
போட்டோவுல இருந்துச்சே, ரெண்டு வட்டம்.
ரிசார்ட்டுக்காரன் அதைப் பாத்துத்தான் முன்பணம் அனுப்புனான்.
இப்ப இது நேத்துச் செஞ்ச மேசை."
எட்டாயிரம் குறைத்தார்.
ஷார்ஜா கத்தியது.
போனைத் தலையணைக்கு அடியில் வைத்தும் கேட்டது.

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி:
"எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குப்
போடத் தெரியாதா?"

தெரியும்.
உடைத்துப்போட்ட வத்தையிலிருந்து
துருப்பிடித்த ஆணி நாலு.
வினிகர் பாட்டிலில் மூன்று இரவு.
மேசைமேல் வைத்து டீ குடித்தேன்,
வேண்டுமென்றே சிந்தி.
கிளாஸின் அடியை ஆணித் தண்ணீரில் நனைத்து
அந்த ஈரத்தின்மேல் வைத்தேன்.
டீயின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் மை.
கண்முன்னே கருத்தது.
அறுபது வருடம், பத்து நிமிடத்தில்.

ஒன்று போதாது என்றார்.
இரண்டாவதைச் சற்றுத் தள்ளி
மூடாத வட்டமாக வைத்தேன்.
கை நடுங்கி அல்ல;
முழு வட்டத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

எடுத்ததற்கு மூவாயிரம்.
போட்டதற்கு ஐயாயிரம்.

மேசை லாரி ஏறிவிட்டது.
அங்கே யாரோ அதன்மேல் விரல் ஓட்டி
ஒரு கப்பல் கணக்கனின் தனிமையை ஊகிக்கலாம்.
அது ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய என் கிளாஸ்.
சர்க்கரை தூக்கலான என் டீ.

நிஜமாய்க் கழுவி எடுத்தது
இன்னும் வாளியில் இருக்கிறது, பழுப்பாக.
தென்னைக்கு ஊற்றக்கூடாது, சாக்கடையிலும் கூடாது,
நானே வந்து எடுத்துப்போகிறேன் என்றேன்.
ரஜபு நாச்சியா ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.
"இருக்கட்டும்" என்றார்.
"பூனை வாய் வைக்காமப் பாத்துக்கிறேன்."